நெபுலைசரைக் கழுவும் முறை

நெபுலைசரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். பயப்பட அதில் ஒன்றுமில்லை. ஒரு சின்ன மோட்டார், ஒரு குழாய், மருந்து ஊற்ற ஒரு கிண்ணம், மூக்கையும் வாயையும் மூட ஒரு முகமூடி, அவ்வளவுதான். தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும். சிரமமெல்லாம் கழுவுவதில்தான். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, சுத்தமான துணிமேல் கவிழ்த்துத் தானாகக் காயவிட வேண்டும். துடைக்கக் கூடாது. துடைத்தால் துணியின் இழை ஒட்டிக்கொள்ளும். அதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் ஒரு நாளும் விட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இர்யா கௌப்பிலா. வயது எழுபத்திரண்டு. மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். என் கைபட்டுப் போன கத்தியால் யாருக்கும் சீழ் பிடித்ததாக ஒரு புகார் வந்ததில்லை. ஓய்வு பெற்றதும் ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டு, ஊருக்குள் வரிசை வீடு ஒன்றை வாங்கினேன். ஆறு வீடுகள், ஒரே கூரை, எல்லோருக்கும் பொதுவாக சவுனா என்ற ஒரு நீராவிக் குளியலறை. கடை பக்கத்தில் இருக்கிறது, மருந்துக்கடையும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் வாங்கினேன். என்னுடையது நான்காவது வீடு. ஐந்தாவதில் ஆர்னே சல்மேலா இருந்தார்.

இந்த ஊரில் அவரை வாத்தியார் என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்குப் பின்னால் காட்டுக்குள் போகும் பனிச்சறுக்குத் தடத்துக்கு, அவர் ஓய்வு பெற்றபோது, அவர் பெயரையே வைத்தார்கள். பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நீங்கள் இந்த ஊரில் வளர்ந்தவரென்றால் அந்தத் தடத்தில் ஓடியிருப்பீர்கள்.

மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் சுவீடனில். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வரும், சுவர் வழியாக அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்பதை நான் மறுக்க மாட்டேன். நான் வந்த முதல் குளிர்காலத்தில், நான் எழுந்து சன்னல் திரையை விலக்குவதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளி முடித்திருப்பார். பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. புகைதான் காரணம். புகைபிடித்து மாட்டிய பையன்களுக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்லித் தண்டனை கொடுத்துவிட்டு, பந்து வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கிறவர் அவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். மூன்று வருஷத்தில் அவருடைய பனித்தள்ளி என் கைக்கு வந்துவிட்டது. அவர் வாசலையும் நான்தான் தள்ளினேன்.

நெபுலைசர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில். சுகாதார நிலையத்திலிருந்து யானா என்ற நர்ஸ் கொண்டுவந்தாள். அன்று வியாழக்கிழமை. நான் பட்டாணி சூப் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"இப்படித் திருகணும் ஆர்னே, வலப்பக்கமா" என்றாள் யானா.

"எது வலது எது இடதுன்னு இந்த ஊருக்கே சொல்லிக் குடுத்தவன்மா நான். இப்ப என் கை எனக்கே கீழ்ப்படிய மாட்டேங்குது."

முகமூடியை மாட்டிவிட்டதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "பன்னி மூஞ்சி மாதிரில்ல இருக்கு. யாரும் போட்டோ எடுத்துடாதீங்க."

"பன்னி இவ்வளவு பேசாது" என்றேன் நான்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று. யானா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தனியா இவரால முடியாது போலிருக்கே. தினமும் மூணு வேளை வெக்கணும். நான் வாரம் ஒரு தடவைதான் வர முடியும்."

"எனக்குச் சொல்லிக் குடு. பக்கத்து வீடுதானே" என்றேன்.

அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். மூச்சை அவசரமாக இழுக்கச் சொல்லக் கூடாது, சாதாரணமாக விடச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஆகும். கிண்ணத்தில் சத்தம் மாறி, துப்புவது போலக் கேட்டால் மருந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பிகளில் வரும், கழுத்தைத் திருகி உடைத்து ஊற்ற வேண்டும். கபம் இளக வெறும் உப்புத் தண்ணீரும் அதே மாதிரிக் குப்பியில் வரும்.

"ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும் இர்யா. எழுத்தைப் படிச்சிட்டு உடைங்க. உப்புத் தண்ணி மட்டும் வெச்சா இவருக்கு மூச்சு திறக்காது."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றேன்.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி ஒருவர் பக்கத்தில் இருப்பது அவர் செய்த புண்ணியம் என்றாள். நான் கிண்ணத்தைக் கழுவ உள்ளே போனேன்.

இப்போது சினிக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சினிக்கா என் மகள். பதினொரு வயது. மெலிந்த உடம்பு, வெள்ளை முடி, நடக்கும்போது இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பும், என்னைப் போலவே. ஆஸ்துமா இருந்தது. கோடையில் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில்தான் வரும். டாக்டர் ஒரு நீல இன்ஹேலர் கொடுத்திருந்தார், அதை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பாள்.

1981 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை. பள்ளியில் வருடாந்திரப் பனிச்சறுக்குப் போட்டி. மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர். காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். சல்மேலாவுக்கு ஒரு விதி உண்டு: ஓடும்போது பையில் எதுவும் இருக்கக் கூடாது. விழுந்தால் குத்திவிடுமாம். சீப்பு, சாவி, மிட்டாய் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார். சினிக்காவின் இன்ஹேலரையும் அந்தப் பெட்டியில் போட்டார். இரண்டு சுற்று ஓட வேண்டும். முதல் சுற்று முடிந்து வந்தபோது அவரிடம் போய் நின்றிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஓடிவந்த ஒரு பெண் இதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் கடையில் மாவு வாங்கிக்கொண்டிருந்த என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"சார், என் மருந்து வேணும்."

"நடிக்காத. இன்னும் ஒரே ஒரு சுத்துதான். ஓடு."

ஓடினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இரண்டாம் சுற்றின் பாதியில், ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி இருந்தாளாம். காலில் கட்டியிருந்த ஸ்கீ கட்டைகளைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தாளாம். யாரோ இளைப்பாறுகிறாள் என்று நினைத்து ஏழெட்டுப் பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியது என்று எழுதி மூடினார்கள். சல்மேலா அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பினார், வரவில்லை. வசந்த காலத்தில் ஒரு நாள் நான் பள்ளிக்குப் போனேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று போனேன். நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்றேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார். அடுத்த வருஷம் போட்டி வழக்கம்போல் நடந்தது. என் கணவர் பென்த்தி அதற்கடுத்த வருஷம் வடக்கே மரம் வெட்டும் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. நான் பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பினேன். அந்தப் பெயரோடுதான் ஐந்தாம் வீட்டுக்காரருக்கு நான் அறிமுகமானேன்.

நான் பொறுமைசாலி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கருவிகளைக் கொதிக்கவைக்கிற வேலையில் நேரம் ஆகும்வரை மூடியைத் திறக்க முடியாது. அப்படிப் பழகியவள்.

முதல் தடவை நடந்தது தவறுதலாகத்தான். மருந்து வைக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். குப்பியை மாற்றி உடைத்துவிட்டேன். ஊற்றி, முகமூடி மாட்டி, மோட்டாரைப் போட்ட பிறகுதான் கையிலிருந்த வெறும் குப்பியின் எழுத்தைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். நிறுத்திவிட்டு மாற்றியிருக்கலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் அவர் புகைமூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கையாக மூச்சு விட்டார்.

பிறகு வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் நின்றேன். அவர் கதவிலிருந்து தபால்பெட்டி வரைக்கும் இருபத்திரண்டு அடி. மருந்து வைத்தால் நிற்காமல் போய் வருவார். அன்று மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தொப்பி கழன்று பனியில் விழுந்தது. எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டு வந்தார்.

"இன்னிக்கு மருந்து வேலை செய்யல போல இர்யா" என்றார் சாயங்காலம்.

"குளிர் ஜாஸ்தி" என்றேன். தொப்பியைத் தட்டிக் கொடுத்தேன்.

அன்று என்ன கிழமை என்று பிறகுதான் யோசித்தேன். புதன்கிழமை. அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் காலை மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீர் வைத்தேன். மதியமும் ராத்திரியும் சரியான மருந்துதான் வைத்தேன், மற்ற நாள்களில் மூன்று வேளையும் சரியாக வைத்தேன். யாரும் அவரை என்னைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முகமூடியின் ரப்பர் கன்னத்தில் அழுத்திப் புண்ணாகாமல் இருக்கப் பஞ்சு வைத்துக்கொடுத்தேன். மோட்டாரின் வடிகட்டியை மாதம் தவறாமல் மாற்றினேன். புதன்கிழமைகளில் மட்டும் அவர் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைத்தேன். இது நியாயமில்லாத கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. வாரத்தில் ஆறு நாள் அவருக்கு, ஒரு காலை என் மகளுக்கு.

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை மோசமாகிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், கூடவே போனேன், வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். நுரையீரல் இப்படித்தான் படிப்படியாக இறங்கும் என்றார். அவர் அன்று இறந்திருந்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்திருக்கும். காரணம் தெரியாமல் சாக அவருக்கு உரிமை இல்லை. வீட்டுக்கு வந்ததும் சால்மன் சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"நீங்க இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்" என்றார்.

"அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் விட்ற மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்தப் பிப்ரவரியில் நடந்ததைக் கேட்டீர்கள். இரண்டாவது புதன்கிழமை. மைனஸ் இருபத்தேழு டிகிரி குளிர், வெயில் கண்ணைக் கூசும்படி அடித்தது. பள்ளியில் போட்டி நாள். அவர் பெயர் வைத்த தடம் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் முந்நூறு மீட்டர்தான், ஒலிபெருக்கிச் சத்தம் வரும். கோப்பையைக் கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வாசற்படி இறங்கவே முடியாதவர், வர முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அவசரத்துக்கு அழுத்த மணிக்கட்டில் ஒரு பொத்தான் பட்டை கட்டியிருப்பார். அதைத் திங்கட்கிழமையே நான் கழற்றியிருந்தேன். பட்டை உரசித் தோல் சிவந்திருந்தது உண்மைதான். கழற்றி அலமாரிமேல் வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. அதுதான் எங்களுக்குள் அடையாளம். போனேன். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. காலையில் ஒருமுறை நான் வைத்துவிட்டுப் போனது உப்புத் தண்ணீர் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

"கொஞ்சம் சீக்கிரம், இர்யா."

மெஷினை மேஜையில் வைத்தேன். குழாயைச் செருகினேன். இந்த முறை சரியான மருந்துக் குப்பியைத்தான் எடுத்தேன். ஆனால் உடைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு மக இருந்தா, ஆர்னே. பேரு சினிக்கா."

அவர் திடுக்கிடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத்திலேருந்து?"

"முதல்... குளிர்காலம். தபால்பெட்டிக்கு... நடந்து போனீங்க. இடது கால் உள்பக்கமா. அவளும் அப்படித்தான். காலை நேரா வை... நேரா வைன்னு... எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

"தெரிஞ்சுமா என் கையால மருந்து வாங்கிக்கிட்டீங்க?"

"வேற யார் கையால?"

ஒலிபெருக்கியில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "புதன்கிழமையும் தெரியுமா?"

தலையை ஆட்டினார். "மருந்துன்னா... நாக்குல லேசாக் கசக்கும். புதன்கிழமை... உப்புக் கரிக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் கரிப்பதைத் தெரிந்துகொண்டே முகமூடிக்குள் உட்கார்ந்திருக்கிறார். யானாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமிருந்து எதையோ என் அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது போல எனக்கு இருந்தது. நான் கொடுத்தது தண்டனை. அவர் அதை வேறு எதுவாகவோ வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"பெட்டியில போட்டது நான்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "ஓடுன்னதும் நான். இல்லன்னு... ஒரு நாளும் சொன்னதில்ல. ஆமான்னு சொல்லவும்... தைரியம் வரல. உங்ககிட்ட சொல்லணும்னுதான்... எட்டு வருஷமா."

முப்பத்தொன்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்தது அதைத்தான். குப்பியின் கழுத்தைத் திருகினேன். ஆமாம், உடைத்தேன். கிண்ணத்தில் பாதி ஊற்றவும் ஊற்றினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒன்றையும் மறைக்க வரவில்லை.

அப்போது அவர் பேச்சை நிறுத்தியிருக்கலாம்.

"ஓட்டத்துக்கு முன்னாடி கேட்டேன் இர்யா. முகம் வெளுத்திருந்துச்சு. முடியுமான்னு கேட்டேன். 'மூச்சு முட்டுதுன்னு காலையில அம்மாகிட்ட சொன்னேன் சார். ஓடப் பயந்து நடிக்கிறேன்னு அம்மா சொல்றாங்க'ன்னா. அம்மாவே சொல்றாங்கன்னா... நானும் அப்படித்தான்..." மேஜைமேல் கையை நீட்டி என் கையைத் தொட்டார். "விசாரணையில... அதை நான் சொல்லல. சொல்லவே மாட்டேன். நாம ரெண்டு பேரும்..."

நாம் இரண்டு பேரும். அப்படிச் சொன்னார்.

நான் எழுந்து மெஷினை ஓரமாகத் தள்ளினேன். குழாயைப் பிடுங்கிச் சுருட்டினேன். கிண்ணத்தில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். அந்த வீட்டில் வெந்நீர் வர நேரம் ஆகும். காத்திருந்தேன். எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவர் மணிக்கட்டைத் தடவுவது கேட்டது, பட்டை இல்லை. பிறகு சுவரில் இரண்டு முறை தட்டினார். பழக்கம் காரணமாக இருக்கலாம். அந்தப் பக்கம் என் வீடு, அங்கே யாரும் இல்லை. மறுபடியும் இரண்டு முறை தட்டினார். நான் சோப்புப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது, சன்னல் கண்ணாடியில் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. வெளியே ஒலிபெருக்கியில் பெண்கள் பிரிவு என்று சொல்லி மூன்று பெயர்களை வாசித்தார்கள். கை தட்டினார்கள். அலசி, துணி விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அது காய்ந்த பிறகுதான் 112-க்குப் போன் செய்தேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நுரையீரல் கெட்ட எழுபத்தாறு வயதுக்காரர், கடுங்குளிர், கழுவிக் கவிழ்த்த கிண்ணம். யானா என் தோளில் முகம் புதைத்து அழுதாள். மகள் சுவீடனிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு நீங்கள்தான் கடைசிக்காலச் சொந்தம் என்று சொல்லி, என்னை மாதாகோயிலில் முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். போதகர் அண்டை வீட்டாரின் அன்பைப் பற்றிப் பேசும்போது என்னைப் பார்த்தே பேசினார். பிறகு காபியும் உப்புமீன் வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள். எத்தனை பேர். அவரிடம் படித்தவர்கள், வழுக்கைத் தலையோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒருவன் சொன்னான்: "எங்களை ஆளாக்கினதே அவர்தான். சோம்பேறித்தனத்தை விட்டுவெக்க மாட்டார்." மறுநாள் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது, கோப்பையோடு நிற்கும் படம் போட்டு. சினிக்காவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

அதனால்தான் மூன்று வாரம் கழித்து நானாகவே உங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன். பழி தீர்த்தது யாருக்கும் தெரியாமல் போனால், அவர் நிம்மதியாக வயதாகிச் செத்தவர் ஆகிவிடுவார், நான் நல்ல பக்கத்து வீட்டுக்காரி ஆகிவிடுவேன். இரண்டுமே பொய். அரசாங்கக் காகிதத்தில் இரண்டு வரி இருந்தால் போதும்: ஆர்னே சல்மேலா என் மகளைக் கொன்றார். நான் ஆர்னே சல்மேலாவைக் கொன்றேன். முடிந்தால் அந்தத் தடத்தின் பலகையையும் எடுக்கச் சொல்லுங்கள்.

பாதி மருந்தை ஊற்றிய பிறகு ஏன் கொட்டினீர்கள் என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அவர் கடைசியாகச் சொன்னதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பது போலக் கேட்கிறீர்கள். ஒரு தொடர்பும் இல்லை. நான் முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பேச்சை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிற ஆள் மருந்துக்காக என்ன வேண்டுமானாலும் சொல்வான். சினிக்கா அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது. அவள் பூட்ஸுக்குக் கயிறு கட்டிவிடக் குனிந்தபோது அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னேன். வீட்டில் சொன்னதை வெளியே போய்ச் சொல்லுகிற பிள்ளை இல்லை அவள்.